ஐந்து சென்ட் டோக்கன்: டெட்ராய்ட் சூதாட்டக்கூடத்தில் ஒரு கைது

2001 ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரின் மோட்டார்சிட்டி சூதாட்டக்கூடத்துக்கு 72 வயது மூதாட்டி ஒருவர் தோழிகளுடன் வந்தார். சிறிது நேரம் காசு போட்டு ஆடும் ஸ்லாட் இயந்திரங்களில் ஆடிவிட்டு, மதியம் அங்கேயே பஃபே உணவு சாப்பிட்டு, பேருந்தேறி வீடு திரும்புவது அவர்கள் எண்ணம். ஓர் இயந்திரத்தில் சிறிது நேரம் ஆடினார். மூதாட்டி எழுந்து கூடத்தைச் சுற்றி நடந்தார். சில நிமிடங்கள் கழித்து, வேறோர் இயந்திரத்தின் தட்டில் 5 சென்ட் டோக்கன் ஒன்று கிடப்பதைக் கண்டார். அந்த இயந்திரத்தின் முன்னால் நாற்காலிகூட இல்லை. டோக்கனை எடுத்துக்கொண்டு, தாம் முன்பு ஆடிய இயந்திரத்துக்கே திரும்பினார்; அதை அங்கே போட்டு ஆடிப் பார்க்கலாம் என்பதற்கு மேல் அவர் மனத்தில் ஒன்றும் இல்லை.

அதற்குள் பாதுகாப்பு ஊழியர்கள் அவரை நெருங்கிவிட்டார்கள். அவர்களில் ஒரு பெண் ஊழியர், தாம் யார் என்பதையோ எதற்காக வந்திருக்கிறார் என்பதையோ சொல்லாமல், நேரடியாகக் கேள்விகளைத் தொடுத்தார். இப்படிப்பட்ட நேரங்களில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வது தமது வழக்கமில்லை என்று அவரே பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மூதாட்டி சொன்ன பதில்கள் அவருக்குத் திமிராகப் பட்டன. பிறர் ஆடிய இயந்திரங்களில் விட்டுப்போனதை எடுப்பது இங்கே அனுமதிக்கப்படுவதில்லை என்று அப்போதுதான் மூதாட்டிக்குச் சொல்லப்பட்டது. சூதாட்டக்கூட ஊழியர்களின் பேச்சில் இதற்கு ‘ஸ்லாட் வாக்கிங்’ என்று பெயர். பிறகு அவரைச் சன்னல் இல்லாத ஒரு சிறிய அறைக்கு அழைத்துப் போனார்கள். அந்த டோக்கன் உங்களுடையதல்ல, சூதாட்டக்கூடத்துக்குச் சொந்தமானது என்றார்கள். அவரிடமிருந்த காசை எண்ணி, 5 சென்ட்டை எடுத்துக்கொண்டார்கள். அடையாள அட்டைகளை வாங்கி நகல் எடுத்துக்கொண்டார்கள். 6 மாதத்துக்கு இந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது என்று தடை விதித்தார்கள். தோழிகளுடன் சேர்ந்து சாப்பிட விடவில்லை. கழிவறைக்குப் போக வேண்டும் என்றபோது தனியாகப் போகவும் விடவில்லை. பின்னர் வெளியே கொண்டுபோய் விட்டார்கள். ஆகஸ்ட் மாதக் கடும் வெயிலில் அவர் பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த மூதாட்டியின் பெயர் அமெரிக்கச் சட்டத் தீர்ப்புத் தொகுதிகளில் வழக்கின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஆனாலும் அவர் நம் போன்ற ஒரு சாதாரண மனிதர் என்பதால், இந்த ஆய்வில் அவரை மூதாட்டி என்றே குறிப்பிடுகிறேன். வழக்கு நடந்தது 5 சென்ட்டுக்காக அல்ல என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு தனியார் நிறுவனம் அரசிடமிருந்து கைதுசெய்யும் அதிகாரத்தைப் பெற்று வைத்துக்கொண்டு, தன் வீட்டு விதி ஒன்றை மீறியவரிடம் அந்த அதிகாரத்தைக் காட்டினால், அரசைக் கட்டுப்படுத்துகிற அரசமைப்புச் சட்டம் அந்த நிறுவனத்தையும் கட்டுப்படுத்துமா என்பதுதான் நீதிமன்றத்தின் முன்னிருந்த கேள்வி. கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் சொன்னது. அது சரியான தீர்ப்பு என்பதும், மீந்துபோன காசு யாருக்குச் சொந்தம் என்று நிதானமாகக் கேட்டுப் பார்த்தால் அதன் நியாயம் இன்னும் தெளிவாகும் என்பதும் என் கருத்து.

தட்டில் காசு மீந்தது எப்படி

டெட்ராய்ட்டில் சூதாட்டக்கூடங்கள் அப்போது புதியவை. 1996 நவம்பரில் மிச்சிகன் வாக்காளர்கள் பொது வாக்கெடுப்பில் ஒப்புதல் தந்த பிறகே, அந்த நகரத்தில் 3 சூதாட்டக்கூடங்களுக்கு வழி திறந்தது. எம்ஜிஎம் கிராண்ட் 1999 ஜூலையிலும், மோட்டார்சிட்டி அதே ஆண்டு டிசம்பரிலும், கிரீக்டவுன் 2000 நவம்பரிலும் திறக்கப்பட்டன. மோட்டார்சிட்டி அமைந்த கட்டடம் ஒரு காலத்தில் ரொட்டித் தொழிற்சாலை. கார் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வேலையும் மக்களும் வெளியேறிக்கொண்டிருந்த நகரம் அது. அங்கே வரி வருவாய்க்கும் வேலைவாய்ப்புக்கும் சூதாட்டக்கூடங்களையே நம்பினார்கள். பகல் வேளைகளில் பேருந்துகளில் வந்து இறங்கியவர்களில் ஓய்வுபெற்ற முதியவர்கள் கணிசமானவர்கள்.

அன்றைய ஸ்லாட் இயந்திரங்கள் இன்றைய இயந்திரங்களைப் போன்றவை அல்ல. நாணயத்தையோ டோக்கனையோ துளையில் போட்டு ஆட வேண்டும். வென்றால், இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கிற கலத்திலிருந்து காசுகள் கீழேயுள்ள உலோகத் தட்டில் சலசலவென்று கொட்டும். கூடம் முழுக்கக் கேட்கட்டும் என்பதற்காகவே அந்தத் தட்டை ஓசை எழும்படி அமைத்திருப்பார்கள். ஆடுகிறவர் இரண்டு கைகளாலும் காசை வாரி ஒரு பிளாஸ்டிக் வாளியிலோ காகிதக் குவளையிலோ போட்டுக்கொள்வார். தட்டின் உட்புறம் வளைந்திருக்கும். ஓரத்தில், நிழல் விழும் மூலையில் ஒன்றிரண்டு தங்கிவிடும். 5 சென்ட் இயந்திரத்தில் தங்கியது ஒரு டோக்கன் என்றால் அதற்காகத் திரும்பி வருகிறவர் அரிது. சிலர் அதைக் கண்டும் விட்டுச் செல்வார்கள். சிலர் காணவே மாட்டார்கள். நம் ஊர்க் களத்தில் நெல்லை அள்ளி மூட்டை கட்டிய பிறகு மண்ணோடு மண்ணாகக் கிடக்கிற மணிகளைப் போன்றது இது. அதைப் பொறுக்குகிறவர்கள் உருவாவதும் இயல்பே. இப்படிப் பொறுக்குவதையே அன்றாட வேலையாக வைத்துக்கொண்டு, ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு நடந்து, தட்டுகளையும் திரைகளையும் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் அமெரிக்கச் சூதாட்ட நகரங்கள் எல்லாவற்றிலும் உண்டு.

சூதாட்டக்கூடங்கள் இதைத் தடைசெய்வதற்கு நியாயமான காரணம் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆடுகிறவரின் தோளுக்குப் பின்னால் ஒருவர் சுற்றிக்கொண்டே இருந்தால் ஆடுகிறவர் நிம்மதி இழக்கிறார். மேலங்கியை நாற்காலியில் போட்டுவிட்டுக் கழிவறைக்குப் போனவரின் இயந்திரத்தில் இருக்கும் கணக்கு, ‘விட்டுப்போன’ கணக்கு அல்ல. அதை எடுப்பது திருட்டுதான். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிவது கடினம் என்பதால், எதையும் எடுக்காதே என்ற முழுத் தடையே எளிது என்று நிர்வாகம் கருதுவதில் தவறில்லை. தன் இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி வகுக்கவும், மீறியவரை வெளியே போகச் சொல்லவும் சொத்தின் உரிமையாளருக்கு உரிமை உண்டு. இந்த வழக்கிலும் அந்த உரிமையை யாரும் மறுக்கவில்லை.

ஆனால், அந்த விதி கூடத்தில் எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. சுவரில் இல்லை, இயந்திரத்தில் இல்லை, நுழைவாயிலிலும் இல்லை. மூதாட்டிக்கு அது தெரியாது என்பதோடு, தெரிந்திருக்க வழியே இல்லை என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது. கூரையில் நூற்றுக்கணக்கான கேமராக்களைப் பொருத்தவும், ஒரு டோக்கனை எடுத்த கையைச் சில நொடிகளில் கண்டுபிடிக்கவும் முடிந்த நிறுவனத்துக்கு, ஒரு வரி அறிவிப்பை எழுதி ஒட்ட முடியவில்லை. இந்த வழக்கில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

அந்த டோக்கன் யாருடையது

சிறிய அறையில் மூதாட்டியிடம் சொல்லப்பட்ட வாசகத்துக்கு வருவோம்: அது சூதாட்டக்கூடத்துக்குச் சொந்தமானது. இந்த வாசகத்தை அப்படியே ஏற்க முடியாது. டோக்கன் இயந்திரத்தின் வயிற்றில் இருக்கும்வரை அது கூடத்தின் சொத்து. வென்றவருக்காகத் தட்டில் விழுந்த கணத்தில் அது ஆடியவரின் சொத்தாகிவிடுகிறது. அவர் பணம் கொடுத்து வாங்கிய டோக்கன் கைதவறி விழுந்திருந்தால் அதற்கு முன்பிருந்தே அவருடையது. அவர் அதைப் பார்க்காமல் போய்விட்டால், அது மீண்டும் தானாகக் கூடத்தின் கைக்குப் போய்விடுவதில்லை. சொத்துச் சட்டம் இப்படிப்பட்ட பொருளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கிறது: உரியவர் அறியாமல் தொலைத்தது, ஓரிடத்தில் வைத்துவிட்டு மறந்துபோனது, வேண்டாம் என்று கைவிட்டது. கைவிட்ட பொருள் முதலில் எடுத்தவருக்குச் சேரும். மறந்துபோன பொருளை, உரியவர் திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பில், இடத்தின் உரிமையாளர் பாதுகாத்து வைக்கலாம். தொலைந்த பொருளில், உண்மையான உரிமையாளரைத் தவிர மற்ற எல்லோரையும்விடக் கண்டெடுத்தவருக்கே கூடுதல் உரிமை.

கடைசியாகச் சொன்ன கொள்கை மிகவும் பழமையானது. 1722இல் லண்டனில், புகைபோக்கி சுத்தம் செய்யும் சிறுவன் ஒருவன் கண்டெடுத்த நகையை விலை மதிக்கக் கொடுத்தபோது, பொற்கொல்லர் கடையில் கல்லைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். நகை சிறுவனுடையது இல்லையென்றாலும், உண்மையான உரிமையாளரைத் தவிர வேறெவரும் அதை அவனிடமிருந்து பறிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. நம் வழக்குக்கு இன்னும் நெருக்கமானது 1982இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பு. ஹீத்ரோ விமான நிலையத்தின் ஓய்வுக்கூடத்தில் ஒரு பயணி தங்கக் கைச்சங்கிலி ஒன்றைத் தரையில் கண்டெடுத்து ஊழியரிடம் கொடுத்தார். உரியவர் வராவிட்டால் தமக்கே திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். விமான நிறுவனம் அதை 850 பவுண்டுக்கு விற்றுப் பணத்தைத் தானே வைத்துக்கொண்டது. பயணி வழக்குத் தொடர்ந்து வென்றார். தன் இடத்தில் கிடக்கும் பொருள்கள் மீது தனக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதை, பொருள் கண்டெடுக்கப்படுவதற்கு முன்பே வெளிப்படையாகக் காட்டியிருந்தால் மட்டுமே இடத்தின் உரிமையாளர் கண்டெடுத்தவரை முந்த முடியும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இங்கிலாந்தின் தீர்ப்பு டெட்ராய்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும், யாருக்கும் தெரியாமல் அலுவலகக் கோப்பில் உறங்குகிற விதி, வெளிப்படையாகக் காட்டிய விதி ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

குதிரைப் பந்தயத் திடல்களை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். தூக்கியெறிந்த பந்தயச் சீட்டுகளைக் குனிந்து பொறுக்குகிறவர்களை அமெரிக்காவில் ‘ஸ்டூப்பர்’ என்பார்கள். குனிபவர் என்பதே அந்தச் சொல்லின் பொருள். வென்ற சீட்டை ஒருவர் ஏன் எறிகிறார் என்று கேட்கலாம். தான் கட்டிய குதிரை முதலாவதாக வரவில்லை என்றதும், அது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்ததற்கும் தன் சீட்டில் பணம் உண்டு என்பதை அறியாமல் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டிய குதிரை ஓடாமலே விலக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் என்பது தெரியாதவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட வளமான அறுவடை, முடிவு மாறும்போது கிடைப்பது. 2019 மே 4 அன்று நடந்த கென்டக்கி டெர்பியில் முதலில் எல்லையைக் கடந்த மாக்ஸிமம் செக்யூரிட்டி என்ற குதிரையை, ஏறத்தாழ 22 நிமிட ஆய்வுக்குப் பிறகு நடுவர்கள் கீழிறக்கி, கன்ட்ரி ஹவுஸ் என்ற குதிரைக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். அதன் மீது கட்டிய 2 டாலருக்கு 132.40 டாலர் கிடைத்தது. அந்த 22 நிமிடத்தில் பொறுமையிழந்து சீட்டைக் கிழிக்காமல் தரையில் போட்டுவிட்டு நடையைக் கட்டியவர், தம் 132 டாலரைத் தரையில் போட்டுவிட்டுப் போனார் என்று பொருள்.

நியூயார்க் நகரில், திடலுக்கு வெளியே பந்தயம் கட்டும் நகராட்சிக் கடைகளில் எறியப்பட்ட சீட்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கிச் சென்று, ஒவ்வொன்றாகக் கருவியில் காட்டிப் பார்த்தே ஆண்டுக்கு 45,000 டாலருக்கு மேல் சம்பாதித்த ஒருவரைப் பற்றி 2010இல் நாளிதழில் செய்தி வந்தது. அவர் அந்த வருமானத்துக்கு முறையாக வரியும் கட்டி வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அந்தக் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. அவரை யாரும் சன்னல் இல்லாத அறையில் உட்கார வைக்கவில்லை. குப்பையில் போட்ட சீட்டைக் கைவிட்ட பொருள் என்று பார்ப்பது அங்கே இயல்பாக இருந்தது. ஓர் உலோகத் தட்டில் தங்கிய டோக்கனை அப்படிப் பார்க்க டெட்ராய்ட்டில் மனம் வரவில்லை. சீட்டு தரையில் கிடந்தது, டோக்கன் தட்டில் கிடந்தது என்பது ஒரு வேறுபாடுதான். ஆனால் ஒரு மனிதரை அடைத்து வைப்பதற்கு அந்த வேறுபாடு போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் சொல்வேன்.

உரிமமும் அதிகாரமும்

மூதாட்டி மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். அவருடைய குற்றச்சாட்டுகளில் கூட்டாட்சிச் சட்டப் பிரிவு ஒன்றும் இருந்ததால், சூதாட்டக்கூடம் வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொண்டது. அந்தப் பிரிவு, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்முறையை அடக்குவதற்காக 1871இல் இயற்றப்பட்ட குடிமை உரிமைச் சட்டத்தில் பிறந்தது. மாநில அதிகாரத்தின் பெயரால் ஒருவரின் அரசமைப்பு உரிமையைப் பறிக்கிறவர் மீது, பறிகொடுத்தவர் நேரடியாக வழக்குத் தொடரலாம் என்று அது சொல்கிறது. இங்கே பறிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட உரிமை, நியாயமற்ற பிடித்துவைப்பிலிருந்து பாதுகாக்கும், அமெரிக்க அரசமைப்பின் 4ஆவது திருத்தம் தருவது.

சூதாட்டக்கூடத்தின் வாதம் எளிமையானது: எங்கள் ஊழியர் அரசு ஊழியர் அல்லர், அவர் எங்கள் விதியைத்தான் நடைமுறைப்படுத்தினார், தனியார் செய்த செயலுக்கு அரசமைப்புச் சட்டம் பொருந்தாது. சாதாரணக் கடைக் காவலர் விஷயத்தில் இந்த வாதம் பெரும்பாலும் நிற்கும். கடையில் பொருளைத் திருடியவரைப் பிடித்து வைத்து, போலீஸ் வரும்வரை காக்கிற காவலரிடம் இருப்பது மற்ற குடிமக்களிடமும் ஓரளவு இருக்கிற அதிகாரம்தான். ஆனால் மோட்டார்சிட்டியின் பாதுகாப்பு ஊழியர்கள் வேறு வகையினர். மிச்சிகன் சட்டம் தனியார் பாதுகாப்புக் காவலர் என்று ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தியிருக்கிறது. மாநிலக் காவல் துறையின் தகுதி வரையறைக்கும் பயிற்சிக்கும் உட்பட்டு உரிமம் பெறும் அவர்கள், பணியில் இருக்கும்போது, தம் முதலாளியின் வளாகத்துக்குள், பொதுக் காவலருக்கு இணையாகப் பிடியாணை இல்லாமல் கைதுசெய்யலாம். மூதாட்டியை அறைக்கு அழைத்துச் சென்றவர் இந்த உரிமம் பெற்றவர். சூதாட்டக்கூடமும் இதை மறுக்கவில்லை.

மிச்சிகன் அடங்கிய வட்டாரத்துக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமான 6ஆவது வட்டார நீதிமன்றம் 2005இல் தந்த தீர்ப்பு இந்த உரிமத்தை மையமாகக் கொண்டே எழுதப்பட்டது. எந்தக் குற்றத்துக்கும் கைதுசெய்யலாம் என்ற முழு அதிகாரத்தை மாநிலம் ஒருவருக்குக் கொடுத்திருக்கும்போது, அவரைக் கொடுத்த மாநிலத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. காவலரின் அதிகாரம் வளாகத்தின் மதிலோடு முடிந்துவிடுகிறது என்பதால் அது சிறுத்துவிடுவதில்லை. மூதாட்டியிடம் திருட்டுக் குற்றம் சாட்டி, அவரைத் தனி அறையில் வைத்து, அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தது, வெறுமனே வெளியே போங்கள் என்று சொல்கிற உரிமையாளரின் செயலாகாது. அவ்வளவு தூரம் போன பிறகு, நாங்கள் தனியார்தானே என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இந்த எண்ணத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. 1960 ஜூனில், மேரிலாந்து மாநிலத்தின் கிளென் எக்கோ கேளிக்கைப் பூங்காவில், கறுப்பின மாணவர்கள் 5 பேர் குதிரை ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். பூங்கா அப்போது வெள்ளையருக்கு மட்டுமே அனுமதி தந்த இடம். அவர்களைக் கைதுசெய்தவர், ஒரு தனியார் துப்பறியும் நிறுவனத்தின் வழியாகப் பூங்கா அமர்த்தியிருந்த காவலர். மாவட்டத்தின் துணை ஷெரீஃப் பதவியும் அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசு தந்த அதிகாரத்தோடு செயல்பட்டவரின் கைது அரசின் கைதுதான், பூங்காவின் உத்தரவுப்படி செய்தார் என்பதால் அது மாறிவிடாது என்று கூறித் தண்டனைகளை நீக்கியது. ராட்டினத்துக்கும் ஸ்லாட் இயந்திரத்துக்கும் இடையே 41 ஆண்டுகள். இரண்டு இடத்திலும் பொழுதுபோக்கக் கூப்பிட்ட நிறுவனமே கைதுசெய்யும் கையையும் வைத்திருந்தது. அந்த மாணவர்கள் பட்ட அவமதிப்பின் கனம் வேறு என்பதை அறிவேன். நான் ஒப்பிடுவது அதிகாரத்தின் அமைப்பை மட்டுமே.

கைதுக்குப் போதிய காரணம் இருந்ததா என்ற கேள்வியும் நீதிமன்றத்தின் முன் வந்தது. மிச்சிகனில் ஸ்லாட் வாக்கிங் என்று ஒரு குற்றம் கிடையாது. திருட்டு என்றால் திருடும் எண்ணம் வேண்டும். யாரும் இல்லாத இயந்திரத்தில், நாற்காலிகூட இல்லாத இடத்தில், கைவிடப்பட்டதாகத் தோன்றிய டோக்கனை எடுத்து, அதே கூடத்தின் இன்னோர் இயந்திரத்தில் போடப் போனவரிடம் அந்த எண்ணம் இருந்ததாகக் கொள்வது கடினம். போதிய காரணம் இல்லை என்று, கீழ் நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட ஜூரி (குடிமக்களைக் கொண்ட நடுவர் குழு) கண்டதை மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றவில்லை.

தொகைகள்

இழப்பீடாக ஜூரி வழங்கியது 279.05 டாலர். அந்தத் தொகையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிற 5 சென்ட்டைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அதோடு, நிறுவனத்தைத் தண்டிக்கும் நோக்கில் 8,75,000 டாலரும், அந்த ஊழியரிடமிருந்து 500 டாலரும் தண்டனை இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னது. முதல் தொகைக்கும் இரண்டாவது தொகைக்கும் உள்ள விகிதம் 3,135 மடங்குக்கு மேல். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் ஒரு கார் நிறுவன வழக்கிலும், 2003இல் ஒரு காப்பீட்டு நிறுவன வழக்கிலும், இப்படிப்பட்ட விகிதம் எல்லை மீறினால் அது அரசமைப்புக்கு முரண் என்று சொல்லியிருந்தது. பொதுவாக ஒற்றை இலக்க மடங்குக்கு மேல் போவது சந்தேகத்துக்குரியது என்பது 2003இன் வழிகாட்டல்.

6ஆவது வட்டார நீதிமன்றம் இந்த இடத்தில் காட்டிய நிதானத்தைப் பாராட்ட வேண்டும். இழப்பு மிகச் சிறியதாக இருக்கும்போது விகிதம் தானாகவே பெரிதாகிவிடும். ஒற்றை இலக்க மடங்கோடு நிறுத்தினால் நிறுவனம் கட்ட வேண்டிய தண்டம் அதிகபட்சம் ஏறத்தாழ 2,500 டாலர்தான். ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் புழங்கும் நிறுவனத்துக்கு அது தண்டனையே ஆகாது. எனவே விகிதத்தை மட்டும் பார்க்காமல், செயலின் தன்மையையும் சேர்த்துப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவர் முதியவர், செய்தவர்களிடம் அரசின் அதிகாரம் இருந்தது. மறுபுறம் யாரும் அவரை அடிக்கவில்லை, உடலுக்குக் காயமில்லை. இவற்றை நிறுத்துப் பார்த்து, தண்டனைத் தொகை 6,00,000 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று குறைத்தார்கள். அப்போதும் விகிதம் ஏறத்தாழ 2,150 மடங்கு. சூதாட்டக்கூடத்தின் முறையீட்டை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் 2006இல் மறுத்தது.

5 சென்ட்டுக்கு 6 லட்சம் டாலரா என்று வியந்தவர்கள் உண்டு. அந்தக் கணக்கே தவறு என்பேன். மூதாட்டி இழந்தது டோக்கன் அல்ல. அது அவருடையது என்று அவரும் வாதிடவில்லை. தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிட வந்தவர், திருடி என்ற சொல்லோடு, கழிவறைக்கும் ஆள் துணையோடு போய், வெயிலில் நிறுத்தப்பட்டார். 72 வயதில் அப்படி ஒரு மதியம் ஒருவர் மனத்தில் எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு விகிதக் கணக்கு எதுவும் விடை சொல்லாது.

டோக்கனுக்குப் பிறகு

இன்று அந்த உலோகத் தட்டுகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. 2000ஆம் ஆண்டையொட்டிப் பரவத் தொடங்கிய புதிய முறையில், ஆடி முடித்ததும் இயந்திரம் பட்டைக்குறி அச்சிட்ட சீட்டு ஒன்றைத் தருகிறது. அதை வேறோர் இயந்திரத்தில் செருகி ஆடலாம், அல்லது பணம் தரும் கருவியில் காட்டிக் காசாக்கலாம். மீதி விழுவது நின்றுவிடவில்லை. அதன் உருவம்தான் மாறியது. திரையில் 37 சென்ட் மிச்சமிருக்கும், ஒரு சுழற்சிக்கு 40 சென்ட் வேண்டும். ஆடுகிறவர் சலித்து எழுந்துவிடுவார். வேறு சிலர் சீட்டை எடுத்துப் பையில் போட்டு மறந்துவிடுவார்கள். அல்லது கருவியின் வாயிலேயே விட்டுச் செல்வார்கள். அவற்றைத் தேடி நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் இப்படி ஒருவர் விட்டுச் சென்ற சீட்டை எடுத்துக் காசாக்கியவர் மீது, தொலைந்த அல்லது மறந்துபோன பொருளைத் திருடியதாக மாநிலக் காவல் துறை வழக்குப் பதிவதுண்டு.

சீட்டுக்கும் டோக்கனுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. டோக்கனில் பெயர் இல்லை; தட்டில் கிடந்தது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. சீட்டில் எண் உண்டு. எந்த இயந்திரம், எந்த நாள், எந்த நிமிடம் என்ற பதிவும் உண்டு. ஆடியவர் உறுப்பினர் அட்டையைச் செருகியிருந்தால் அவர் யார் என்பதே கணினியில் இருக்கிறது. இல்லாவிட்டாலும் கேமரா பதிவில் அவர் முகம் இருக்கிறது. எடுத்தவரைக் கண்டுபிடிக்க இந்தப் பதிவுகளை உடனே புரட்டுகிற நிறுவனம், விட்டுச் சென்றவரைக் கண்டுபிடித்துத் திருப்பித் தரவும் அதே பதிவுகளைப் புரட்டலாம். அப்படிச் செய்யும்போதுதான், அது உங்களுடையதல்ல என்று இன்னொருவரிடம் சொல்லும் தகுதி அதற்கு வருகிறது.

காசாக்கப்படாமல் காலாவதியாகும் சீட்டுகளின் பணம் எங்கே போகிறது என்பதை நெவாடா மாநிலம் 2011இல் ஒரு சட்டத்தால் முடிவு செய்தது. அதற்கு முன்பு முழுத் தொகையும் சூதாட்டக்கூடங்களிடமே தங்கிவிடும். புதிய சட்டப்படி, 75 விழுக்காடு மாநிலப் பொது நிதிக்கும், 25 விழுக்காடு சூதாட்டக்கூடத்துக்கும் போகிறது.